வடசென்னையில் தனியாக நடப்பது, குடும்ப வேர் தேடுவது, பாட்டுக் கேட்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அம்மா பிறந்து வளர்ந்தது பட்டாளத்தில். தாத்தா பின்னி மில்லில் தறி ஓட்டியவர். ஆயா, அதாவது பாட்டி, காசிமேட்டுக்காரர். அம்மாவைச் சேலத்தில் கட்டிக் கொடுத்ததால் நான் அங்கேயே வளர்ந்தேன். தாத்தாவும் ஆயாவும் போன பிறகு, லீவு கிடைக்கும்போதெல்லாம் தனியாக வடசென்னைக்குப் போய்த் தெருத் தெருவாக நடக்கிறேன், அவர்கள் காலத்து ஆட்களைத் தேடிப் பேசுகிறேன், பாட்டுக் கேட்கிறேன். இதைத் தெரிந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை கீழே.

வடசென்னை என்று எதைச் சொல்கிறீர்கள்?

பாரிமுனையிலிருந்து வடக்கே. கடலோரமாகப் போனால் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர். உள்பக்கம் சௌகார்பேட்டை, ஏழுகிணறு, வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, பேசின் பிரிட்ஜ், புளியந்தோப்பு, பட்டாளம், ஓட்டேரி, பெரம்பூர், வியாசர்பாடி, மணலி. இன்றைய சென்னை தொடங்கியதே இந்தப் பக்கம்தான். 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலம் கிடைத்துக் கோட்டை எழும்பியதும், அதை நம்பிப் பிழைக்க வந்தவர்கள் வடக்கே குடியேறினார்கள். அந்தக் கருப்பர் நகரத்துக்குத்தான் 1911-ல் ஜார்ஜ் டவுன் என்று பெயர் வைத்தார்கள். நெசவாளிகள், துணி வெளுப்பவர்கள், படகோட்டிகள், துபாஷிகள் என்ற மொழிபெயர்ப்பாளர்கள் முதலில் வந்தார்கள். ரயில்வே, மில், துறைமுகம் என்று ஆட்கள் பிறகு வந்தார்கள். ஏதாவது ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்து இறங்கிய குடும்பங்கள்தான் பெரும்பாலும். இதை மனதில் வைத்துக்கொண்டு நடந்தால் பல விஷயங்கள் தானாக விளங்கும்.

ஏன் தனியாகப் போகிறீர்கள்?

நாலு பேராகப் போனால் நமக்குள்ளேயே பேசிக்கொண்டு திரும்பிவிடுவோம். தெருமுனையில் ஒரு ஆள் தனியாக நின்று பார்த்துக்கொண்டிருந்தால், அடுத்த நிமிடமே யாராவது, "இன்னாம்மா, யாரைப் பாக்கணும்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நான் சொல்லும் பதிலிலிருந்துதான் என் பயணம் ஒவ்வொரு முறையும் தொடங்கியிருக்கிறது.

குடும்ப வேரைத் தேடி வர நினைக்கிறேன். எங்கே தொடங்குவது?

வேலையிலிருந்து தொடங்குங்கள். இதுதான் நான் எல்லோருக்கும் அழுத்திச் சொல்வது. தாத்தா பெயர், ஊர், குலதெய்வம் எல்லாம் அப்புறம். அவர் என்ன வேலை செய்தார், எந்த மில், எந்த டிபார்ட்மென்ட், எந்த ஷிப்ட், யாரோடு வேலைக்குப் போனார் என்பதை முதலில் தெரிந்துகொண்டு வாருங்கள்.

பட்டாளத்தில் ஒரு டீக்கடையில் நின்று என் தாத்தாவின் பெயரைச் சொன்னேன். யாருக்கும் பிடிபடவில்லை. அந்தப் பெயரில் தெருவுக்கு நாலு பேர் இருந்திருப்பார்கள். "பின்னியில் தறி டிபார்ட்மென்ட், ராத்திரி ஷிப்ட், புல்புல்தாரா வாசிப்பார்" என்றதும் பெஞ்சில் இருந்த பெரியவர் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். "பொட்டிக்காரரு பேத்தியா நீ?" என்றார். புல்புல்தாரா பெட்டி மாதிரி இருக்கும் கம்பி வாத்தியம். அதனால் தாத்தாவுக்கு அப்படி ஒரு பட்டப்பெயர் இருந்தது என் அம்மாவுக்கே தெரியாது. அவர் என்னைக் கூட்டிக்கொண்டு போய் மூன்று வீடுகளில் உட்கார வைத்தார். ஒவ்வொரு வீட்டிலும் தாத்தாவைப் பற்றி ஒரு கதை கிடைத்தது.

சாதியைக் கேட்டு வேர் தேடும் பழக்கம் நம் ஊர்களில் உண்டு. இங்கே அப்படிக் கேட்காதீர்கள். கேட்பவரையும் கேட்கப்படுபவரையும் அது சுருக்கிவிடும். "உங்க அப்பா என்ன வேலை பார்த்தாரு?" என்று கேட்டால் முகம் மலரும். ஹார்பரில் மூட்டை தூக்கியவரின் மகனும் ரயில்வே லோகோவில் ஃபிட்டராக இருந்தவரின் மகளும் ஒரே பெருமையோடுதான் பதில் சொல்வார்கள்.

காகிதங்களும் வேண்டும். பி.எஃப். சீட்டு, மில் அடையாள அட்டை, யூனியன் சந்தா ரசீது, பழைய ரேஷன் கார்டு, பள்ளிக்கூட டி.சி., கிறிஸ்தவக் குடும்பமானால் கோயிலில் இருக்கும் ஞானஸ்நானப் பதிவு, இவற்றில் ஒன்று இருந்தாலும் பிடி கிடைத்துவிடும். பிறப்பு, இறப்புப் பதிவுகளுக்கு மாநகராட்சி. அரசாங்க ஆவணங்களுக்கு எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அசலை வீட்டிலேயே விட்டு வாருங்கள். 2023 மிக்ஜாம் வெள்ளத்தில் தகரப் பெட்டியோடு நனைந்து கூழாகிப்போன காகிதங்களைப் பற்றி இந்தப் பக்கம் நிறையப் பேர் வருத்தத்தோடு சொல்வார்கள்.

பழைய முகவரி கையில் இருக்கிறது, ஆனால் தெருவே கிடைக்கவில்லையே?

பெயர் மாறியிருக்கலாம். பிராட்வே இப்போது பிரகாசம் சாலை. சைனா பஜார் என்று பழைய கடிதத்தில் இருந்தால் அது என்.எஸ்.சி. போஸ் சாலை. தெருப் பெயர்களின் வாலில் இருந்த சாதிப் பெயர்களை 1970-களின் இறுதியில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் எடுத்தார்கள். அதனால் கடிதத்தில் இருக்கும் பெயரும் பலகையில் இருக்கும் பெயரும் முழுதாக ஒத்துப்போகாமல் இருக்கும். கதவு எண்ணுக்குப் பழையது, புதியது என்று இரண்டு உண்டு. தெருவில் விசாரிக்கும்போது பழைய எண்ணைச் சொல்லுங்கள், பெரியவர்களுக்கு அதுதான் மனப்பாடம்.

தெருவே இல்லாமல் போயிருந்தால் அது வேறு கதை. குடிசைப் பகுதிகளிலிருந்து எடுக்கப்பட்ட குடும்பங்கள் பல இன்று நகரத்தின் இன்னொரு கோடியில், கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் இருக்கின்றன. உங்கள் தாத்தாவின் பக்கத்து வீட்டுக்காரரும் அங்கே இருக்கலாம். காலியான இடத்துக்கு எதிரே உள்ள இஸ்திரி வண்டியிலோ மளிகைக் கடையிலோ கேளுங்கள். யார் எந்த பிளாக்குக்குப் போனார்கள் என்பது வரை சொல்வார்கள். இத்தனை பேரை இத்தனை தூரம் தூக்கிப் போட்ட பிறகும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் அவர்கள் பழைய தெருவுக்கு வந்து போகிறார்கள் என்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனத்துப் போகும்.

பின்னி மில்லில் இன்றைக்குப் பார்க்க என்ன இருக்கிறது?

மில்லாக எதுவும் இல்லை. பின்னி கம்பெனியின் பக்கிங்காம் மில், கர்நாட்டிக் மில் என்று 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தனித்தனியாகத் தொடங்கி, 1920-ல் ஒன்றாகி, பி அண்ட் சி என்று நாடு முழுக்கப் பெயர் வாங்கிய இடம் அது. ராணுவத்துக்கும் போலீசுக்கும் காக்கித் துணி இங்கிருந்துதான் போனது. 1990-களில் மூடிவிட்டார்கள். அப்புறம் சினிமா ஷூட்டிங் நடந்தது, இப்போது அடுக்குமாடி வீடுகள். பெரம்பூர் பாரக்ஸ் ரோட்டில் நடந்தால் பழைய சுவரும் பெயரும்தான் ஞாபகத்துக்கு மிச்சம்.

ஆனாலும் அந்த ரோட்டில் நடக்கச் சொல்வேன். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27-ல் இந்தத் தெருக்களில்தான் பிறந்தது. பி.பி. வாடியா தலைவர். திரு.வி.க. கூடவே நின்றவர். இது பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய கதை. செல்வபதி செட்டியாரும் ராமாநுஜலு நாயுடுவும் இந்தப் பகுதியில் கடை வைத்திருந்தவர்கள். ஸ்ரீ வெங்கடேச குணாமிர்த வர்ஷினி சபை என்று ஒரு பக்தி சபையையும் அவர்கள் நடத்தினார்கள். மில் ஆட்கள் வேலை முடிந்து சாமி கதை கேட்கவும் சொற்பொழிவு கேட்கவும் அங்கே வருவார்கள். வந்த இடத்தில் மில் கஷ்டத்தையும் பேசுவார்கள். சாப்பாட்டு இடைவேளை போதவில்லை, மேஸ்திரி அடிக்கிறார், தாமதமாக வந்தால் கேட்டை மூடிவிடுகிறார்கள். அந்தப் பேச்சுதான் சங்கமாகத் திரண்டது. 1921-ல் பெரிய வேலை நிறுத்தமும், அதையொட்டிப் புளியந்தோப்பில் தொழிலாளிகளுக்குள்ளேயே சாதிக் கலவரமும் துப்பாக்கிச் சூடும் நடந்தன. அந்தக் காயத்தைப் பற்றியும் பெரியவர்கள் பேசுவார்கள். நாம் தூண்டித் துருவாமல், அவர்களே எடுக்கும்போது கேட்டுக்கொள்வது மரியாதை.

என் தாத்தா காலத்தில் அந்த சபை எப்படி இருந்ததோ, ஆனால் பஜனை இருந்தது. புரட்டாசி சனிக்கிழமைகளில் மில் ஆட்கள் சேர்ந்து தெருவில் பாடிக்கொண்டு வருவார்களாம். தாத்தா கழுத்தில் வார் போட்டுப் புல்புல்தாராவை மாட்டிக்கொண்டு நடுவில் வருவாராம். டைப்ரைட்டர் மாதிரி கட்டைகள் வரிசையாக இருக்கும் பெட்டி அது. இடது கை கட்டைகளை அமுக்கும், வலது கை கம்பிகளைச் சுண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானில் செய்யத் தொடங்கிய வாத்தியம் நம் நாட்டுக்கு வந்து இந்தப் பெயர் வாங்கியது. சுண்டுவதற்கு உடைந்த பிளாஸ்டிக் சீப்பிலிருந்து ஒரு துண்டை வெட்டி, சிமென்ட் தரையில் தேய்த்து வழவழப்பாக்கி வைத்திருப்பார் என்று ஒரு பக்கத்து வீட்டு ஆயா சொன்னார். சொல்லும்போது அவர் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அந்தத் துண்டைப் பிடித்திருப்பது போலவே சேர்ந்துகொண்டன.

வடசென்னை இசை என்றால் கானாதானே?

தெருவில் பாடும் கானாப் பாட்டு உண்டு, அதைப் பற்றி அடுத்து நிறையச் சொல்கிறேன். ஆனால் கர்நாடக சங்கீதம் தெற்கே, கானா வடக்கே என்று கோடு போட்டுப் பேசுவது எனக்கு ஒப்பாது. வரலாறும் அப்படி இல்லை.

மணலி என்றதும் இன்று ரிஃபைனரிப் புகைபோக்கிதான் ஞாபகம் வருகிறது. முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பம் மணலியில் முதலியார் ஒருவரின் ஆதரவில் வாழ்ந்தது. அவர் கம்பெனிக்கு துபாஷியாக இருந்ததால் தீட்சிதர் சகோதரர்கள் கோட்டைக்குப் போய் வெள்ளைக்கார பேண்டைக் கேட்க வாய்ப்புக் கிடைத்தது. அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார் தீட்சிதர். முப்பதுக்கும் மேற்பட்ட நோட்டுஸ்வரப் பாட்டுகள் அப்படி வந்தவை. தம்பி பாலுசுவாமி வயலினைக் கற்றுக்கொண்டு நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரி ஏது? அது உள்ளே வந்த வாசல்களில் ஒன்று இந்தப் பக்கம் இருந்தது.

திருவொற்றியூருக்குத் தியாகராஜர் வந்திருக்கிறார். அவருடைய சீடர் வீணை குப்பய்யர் இந்தப் பக்கத்துக்காரர். வடிவுடையம்மன் மேல், திரிபுரசுந்தரி என்று விளித்து, தியாகராஜர் பாடிய ஐந்து கீர்த்தனைகள் திருவொற்றியூர் பஞ்சரத்தினம் என்று வழங்குகின்றன. கல்யாணி, ஆரபி, சாவேரி, சுத்த சாவேரி, பேகடா. ஜார்ஜ் டவுனில் பந்தர் தெருவில் கோவூர் சுந்தரேச முதலியார் வீட்டில் அவர் தங்கினார் என்பதும் தெரிந்த செய்தி. இன்று அந்தத் தெருவில் பேப்பர் கட்டுகளை ஏற்றி இறக்கும் ஆட்களுக்கு வழிவிட்டுத்தான் நடக்க வேண்டும்.

வீணை தனம்மாள் (1867–1938) வாழ்ந்ததும் ஜார்ஜ் டவுன்தான். வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வீட்டில் வாசிக்கும்போது பெரிய வித்துவான்கள் எல்லாம் வந்து மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்து கேட்பார்களாம். நாட்டியத்தில் பாலசரஸ்வதி, பாட்டில் பிருந்தா, முக்தா எல்லோரும் அவருடைய பேத்திகள். தியாகராஜர் சமாதிக்குக் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாவும் ஜார்ஜ் டவுனில் பல வருஷம் இருந்தவர். தேவதாசி மரபிலிருந்து வந்த இந்தப் பெண்களின் பாட்டு ஒரு காலத்தில் இந்தத் தெருக்களில் தினசரிச் சத்தமாக இருந்தது. இவர்கள் வாழ்ந்த வீடுகளைத் தேடி நடப்பவர்கள் இன்று மிகக் குறைவு என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

அப்புறம் வள்ளலார். ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளை தெருவில் இருந்த வீட்டிலிருந்து திருவொற்றியூருக்கு நடந்தே போய் வருவார் என்பார்கள். கந்தகோட்டத்து முருகன் மேல் அவர் பாடியதும் இங்கே இருந்தபோதுதான். பெரம்பூர் ரயில்வே காலனியின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கு பியானோவும் நடன இசையும். ராயபுரத்தில் படகோட்டிகள் 1829-ல் கட்டிய ராயப்பர் கோயிலில் தமிழ்ப் பாட்டுப் பூசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ராயபுரத்தில் கொஞ்ச தூரம் நடந்தாலே நாலு விதமான சங்கீதம் காதில் விழும்.

சரி, கானா? மரண கானாவைப் போய்க் கேட்கலாமா?

கூப்பிட்டால் போகலாம். வேடிக்கை பார்க்கப் போகக் கூடாது.

கானாவை 1990-களில் இசையமைப்பாளர் தேவா சினிமா வழியாக ஊருக்கெல்லாம் கொண்டு போனார். புளியந்தோப்பில் வளர்ந்த கானா பாலா சட்டம் படித்தவர், பாடிப் பெரிய பெயர் வாங்கினார். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு மேடையேறியபோது கானாவும் ராப்பும் ராக்கும் ஒன்றாக நின்று சாதியைப் பற்றி வெளிப்படையாகப் பாடின. இதெல்லாம் போனிலேயே கேட்கலாம். துக்க வீட்டில் பாடும் கானாவைப் புரிந்துகொள்ளத் தெருவில்தான் உட்கார வேண்டும்.

அம்மா வழியில் ஒரு சித்தியின் மாமியார் புளியந்தோப்பில் இறந்தபோது நான் ஊரில் இருந்தேன், சித்தி வரச் சொன்னார். சாயங்காலமே பாடகர் வந்துவிட்டார், முப்பது வயதுக்குள் இருக்கும். வந்ததும் அவர் பாடவில்லை. மருமகளோடு திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். அம்மாவுக்கு எத்தனை பிள்ளைகள், முதலில் போனது யார், எந்த முனையில் இட்லிக் கடை போட்டார், எத்தனை மணிக்கு அடுப்பு மூட்டுவார், யார் யார் கடன் சொல்லிச் சாப்பிட்டார்கள். ஷாமியானா போட்டு, நாற்காலி போட்டு, ராத்திரி பத்து மணிக்கு மேல் டோலக்கும் கீபோர்டும் சேர்ந்து ஆரம்பித்தது. பத்திரிகையின் பின்னால் எழுதின அத்தனையும் பாட்டில் வந்தது. ஒவ்வொரு பெயர் வரும்போதும் அந்தப் பெயருக்கு உரியவர் எழுந்து பெட்டியண்டை போய் அழுதார். கடன் சொன்னவர்களின் பெயர் வந்தபோது கூட்டம் சிரித்தது, அவர்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே அழுதார். நாலு மணிக்கு எழுந்து மாவு கரைத்த ஒரு கிழவியின் வாழ்க்கை முழுதும் அந்தத் தெருவில் சத்தமாகச் சொல்லப்பட்டது.

என் ஊர்ப்பக்கம் ஒப்பாரி கேட்டிருக்கிறேன், அது நெஞ்சைப் பிழியும். இது அதோடு சேர்த்து, போனவர் செய்த வேலைக்கு ஊர் கொடுக்கும் மரியாதையாகவும் இருந்தது. என் தாத்தாவும் இப்படி துக்க வீடுகளில் வாசித்திருக்கிறார் என்று பட்டாளத்துப் பெரியவர் சொன்னார். "பஜனைக்கும் சாவுக்கும் ஒரே பொட்டிதாம்மா" என்றார். அதைக் கேட்ட பிறகுதான் தாத்தாவை எனக்கு உண்மையில் தெரிய வந்தது என்று நினைக்கிறேன்.

பெண் தனியாகப் போகலாமா? பாதுகாப்பா?

போகலாம், நான் போகிறேன். ரவுடிகள் ஊர் என்ற பெயரைச் சினிமாவும் செய்தியும் சேர்ந்து இந்த மக்கள் மேல் பூசியிருக்கின்றன. விடியற்காலையில் வேலைக்குப் போகிற லட்சக்கணக்கான பேருக்குச் செய்யும் பெரிய அநியாயம் அது. மற்ற எந்த நகரத்திலும் எடுக்கும் ஜாக்கிரதை இங்கேயும் போதும். முன்பின் தெரியாத சந்துகளுக்குப் பகலில் போங்கள், ராத்திரி என்றால் தெரிந்த வீட்டார் யாரையாவது கூட்டிக்கொள்ளுங்கள்.

உண்மையில் பயப்பட வேண்டியது லாரிகளுக்கு. எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். அந்த ரோட்டை ஓரமாக நடந்து கடக்க முயலாதீர்கள். மெட்ரோ 2021 பிப்ரவரியிலிருந்து விம்கோ நகர் வரை ஓடுகிறது. தியாகராயா கல்லூரி, தண்டையார்பேட்டை, புது வண்ணாரப்பேட்டை, காலடிப்பேட்டை, திருவொற்றியூர் தேரடி என்று முக்கியமான இடமெல்லாம் நிற்கும். கழிப்பறைக்கும் மெட்ரோ நிலையங்களையே நம்பலாம், பெண்களுக்கு இது பெரிய உதவி.

படம் எடுக்கலாமா?

கேட்டுவிட்டு எடுங்கள். குழாயடியில் தண்ணீர் பிடிப்பவர்களையும் துக்க வீட்டையும் எடுக்காதீர்கள். கேரம் ஆடும் பையன்களோ வியாசர்பாடியில் ஃபுட்பால் ஆடும் பிள்ளைகளோ அவர்களாகவே எடுக்கச் சொல்வார்கள், எடுத்ததை அனுப்பவும் சொல்வார்கள். அனுப்பிவிடுங்கள்.

காசிமேட்டுக்கு எப்போது போவது?

விடிவதற்கு முன்னால். மீன்பிடித் துறைமுகத்தில் மீன் ஏலம் அந்த நேரத்தில்தான் சூடாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நெரியும், முதல் தடவைக்கு வேறு நாள் நல்லது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், வரத்து குறைந்திருக்கும். ஆனால் ஆட்களோடு பேச அதுவே தோதான சமயம். வலை பின்னிக்கொண்டும் படகுக்கு பெயின்ட் அடித்துக்கொண்டும் இருப்பார்கள், நேரம் இருக்கும்.

மீன் வாங்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் கூறு கட்டி விற்கும் பெண்களிடம் கொஞ்சம் வாங்குங்கள். சும்மா நின்று வழியை அடைப்பவர்களை அவர்களுக்குப் பிடிக்காது, அதில் நியாயமும் இருக்கிறது. கையில் மீன் பையோடு நின்று "எங்க ஆயாவும் இங்கதான்" என்றால் போதும், எந்தக் குப்பம், எந்தத் தெரு என்று விசாரணை தொடங்கிவிடும்.

எங்கள் குடும்பம் பர்மாவிலிருந்து வந்தது. யாரைப் பார்ப்பது?

1962-ல் அங்கே ராணுவ ஆட்சி வந்து, கடைகளையும் தொழில்களையும் அரசு எடுத்துக்கொண்ட பிறகு தமிழர்கள் கப்பல் கப்பலாகச் சென்னையில் வந்து இறங்கினார்கள். கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் பர்மா பஜார் 1969-ல் அவர்களுக்காக வந்தது. வியாசர்பாடியிலும் நிறையக் குடும்பங்கள் குடியேறின. இன்று பஜாரில் இருப்பது செல்போனும் சார்ஜரும்தான், ஆனால் வயதான கடைக்காரர்களிடம் ரங்கூன் தெருப் பெயரையோ கப்பல் பெயரையோ சொல்லிப் பாருங்கள். இங்கேயும் வேலைதான் திறவுகோல். அரிசி மில்லா, வட்டிக் கடையா, துறைமுகமா என்று தெரிந்தால் அந்த வட்டத்து ஆட்களிடம் அனுப்பிவைப்பார்கள்.

என்ன சாப்பிடலாம்?

முதலில் அத்தோ. பர்மா பஜார் பக்கத்துத் தள்ளுவண்டிகளில் சாயங்காலம் கிடைக்கும். நூடுல்ஸ், மெலிதாக அரிந்த முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்ப் பொடி, மேலே நொறுக்கிய தட்டை, எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே வாழைத்தண்டு போட்ட சூப், கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். வெங்காயம் திணித்த முட்டையை விட்டுவிடாதீர்கள். காலையில் ஆப்பமும் பாயாவும். சௌகார்பேட்டையில் மிண்ட் தெருப் பக்கம் வடநாட்டுப் பலகாரம், சாட். பெரம்பூர், புளியந்தோப்புப் பக்கம் மதியம் பீஃப் பிரியாணி. இதற்கு மேல் எந்தக் கடை சிறந்தது என்ற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எப்படி நடப்பது?

காசிமேட்டில் தொடங்கி, ராயப்பர் கோயில், 1856-ல் திறந்த ராயபுரம் ரயில் நிலையம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடு போனது, கட்டடம் இன்னும் நிற்கிறது. அங்கிருந்து ஆட்டோவில் மூலக்கொத்தளம். 1939-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறை சென்று உயிர் விட்ட நடராசன், தாளமுத்து நினைவிடம் அங்கே உள்ள சுடுகாட்டில் இருக்கிறது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வாருங்கள். மதியம் ஜார்ஜ் டவுன், கந்தகோட்டம், 1772-ல் கட்டிய ஆர்மீனியர் கோயில். வெயில் தாழ்ந்ததும் மெட்ரோவில் திருவொற்றியூர் தேரடி. கோயில், பிறகு கடலோரம் பட்டினத்தார் சமாதி. திரும்பும்போது அத்தோ.

ஆனால் குடும்ப வேர் தேடி வருபவர்கள் இந்த வழியை மறந்துவிடுங்கள். நாள் முழுக்க உங்கள் தாத்தாவின் தெருவிலேயே உட்காருங்கள்.

வீட்டுப் பெரியவர்களிடம் கிளம்புவதற்கு முன் என்னவெல்லாம் கேட்டு வர வேண்டும்?

"உங்க கதையைச் சொல்லுங்க" என்று கேட்டால், "எங்க கதையில இன்னாம்மா இருக்குது" என்று முடித்துவிடுவார்கள். சின்னதாகக் கேளுங்கள். வேலைக்குப் போகும்போது டிபன் கேரியரில் என்ன இருக்கும்? சம்பள நாள் எது, அன்றைக்கு வீட்டுக்கு என்ன வாங்கி வருவார்? மில் சங்கு எத்தனை மணிக்கு ஊதும்? ஸ்ட்ரைக் சமயத்தில் யார் அரிசி கடன் கொடுத்தது? தூங்க வைக்க என்ன பாட்டுப் பாடினார்கள்? பாட்டைக் கேட்டால் பாடிக்காட்டச் சொல்லுங்கள், முதலில் மறுப்பார்கள், கொஞ்ச நேரம் கழித்து வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும்போது தானாக முணுமுணுப்பார்கள்.

பதிவு செய்ததை எல்லாம் என்ன செய்கிறீர்கள்?

பேசியவர் பெயர், தெரு, வேலை, தேதி, நாலையும் பதிவின் தொடக்கத்தில் என் குரலில் சொல்லிவிடுவேன், பின்னால் தேடச் சுலபம். பிறகு அந்த வீட்டுப் பிள்ளைகள் யாருடைய வாட்ஸ்அப்புக்காவது ஒரு நகல் அனுப்புவேன். யாரிடமிருந்து வாங்கினோமோ அவர்கள் கையில் முதலில் இருக்க வேண்டும். பொதுவில் போடுவது என்றால் தனியாக அனுமதி கேட்பேன், மாட்டேன் என்றால் போடுவதில்லை. பட்டாளத்துப் பெரியவர் பேசிய பதிவை அவர் பேரன் கீபோர்ட் கற்றுக்கொள்ளும் வாத்தியாரிடம் கொண்டு போய்க் காட்டியிருக்கிறான். அதில் அவர் பாடும் பஜனை மெட்டை இப்போது இருவரும் உட்கார்ந்து எடுத்துக்கொண்டிருக்கிறார்களாம்.